பெற்றோர் வரும்போது ஒரு நாளைக் கிராமத்துக்கு ஒதுக்குங்கள்: டார்பிஷயரின் ஈம்

இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், பெரும்பாலும் லண்டன் அரண்மனையையும் பாலங்களையும் காட்டி அனுப்பிவிடுகின்றன. அந்த நாட்களில் ஒன்றையாவது ஒரே ஒரு கிராமத்துக்கு முழுமையாக ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரே நாளில் நான்கு ஊர்களைக் காரில் சுற்றினால் முதியோருக்குக் களைப்புதான் மிஞ்சும்.

சென்ற ஆகஸ்ட் இறுதியில் நாங்கள் என் பெற்றோருடன் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஈம் (Eyam) கிராமத்துக்குச் சென்றோம். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'இயாம்' என்று வரும். ஊரார் சொல்வது 'ஈம்', பேருந்திலும் அப்படியே கேளுங்கள். 1665-இல் லண்டனிலிருந்து இவ்வூர்த் தையற்காரர் வீட்டுக்கு வந்த ஈரத்துணியை அடுப்பருகே உலர்த்தியபோது அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வழியே கொள்ளைநோய் பரவியதாகச் சொல்கிறார்கள். மறு ஆண்டு ஜூனில், பாதிரியார் வில்லியம் மோம்பெசனும் அவருக்கு முன்பு அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் எடுத்துச் சொல்ல, நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரே முடிவு செய்தது. நம் ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை நான் அறியேன். சுமார் 260 பேர் இறந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். ஊருக்கு வெளியே, வட்டச் சுவருக்குள் இருக்கும் அந்தக் கல்லறைகளின் முன் என் தாய் நெடுநேரம் பேசாமல் நின்றார்.

தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் முன்னுள்ள பலகைகளில் அங்கே இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லித் தாத்தா பாட்டிக்குத் தமிழில் விளக்கவையுங்கள். பிறகு பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் செல்லும் பாதையில் உள்ள எல்லைக்கல்லுக்கு நடந்து செல்லலாம். அதன் குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசை இட்டு, வெளியூரார் கொண்டுவந்து வைத்த உணவை இவ்வூரார் எடுத்துச் சென்றார்கள்.

அந்தப் பாதை மேய்ச்சல் நிலத்தின் நடுவே செல்வதைக் கண்டு தயங்க வேண்டாம். 'பப்ளிக் ஃபுட்பாத்' என்ற பலகையோ மஞ்சள் அம்புக்குறியோ இருந்தால் அங்கே நடப்பது உங்கள் சட்டபூர்வ உரிமை. இங்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள், இது தெரியாமலே நாங்கள் பல வேலிகளின் முன் திரும்பியிருக்கிறோம். நீங்கள் திறந்த வாயிற்கதவை மட்டும் மறவாமல் சாத்திவிடுங்கள். கற்சுவர்களைத் தாண்ட ஏறி இறங்கும் படிகள் சில இடங்களில் இருப்பதால், புடவையும் மூட்டுவலியும் உள்ளவர்களுக்குப் பாதையை முன்பே நீங்கள் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. ஆகஸ்டிலும் காற்று குளிரும். செருப்பு போதாது, காலணி வேண்டும்.

ஆகஸ்ட் இறுதியைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஈரக் களிமண் பூசிய மரப்பலகையில் பூவிதழ், பாசி, விதை ஆகியவற்றை ஒவ்வொன்றாக அழுத்திச் சித்திரம் அமைத்துக் கிணற்றடியில் நிறுத்துவது டார்பிஷயரின் பழைய வழக்கம். ஈமில் அது அந்த வாரத்தில் நடக்கும். நாற்பது ஆண்டுகளாக மார்கழிக் கோலமிட்ட என் தாய், மொழி தெரியாமலேயே, அங்கிருந்த மூதாட்டியிடம் சைகையில் இதழ் ஒட்டும் முறையைக் கேட்டறிந்தார்.

ஷெஃபீல்டு வரை ரயிலில் சென்று அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு ஒன்று இருந்தால், 5 முதல் 15 வயதுள்ள பிள்ளை ஒருவராவது உடன் வரும்போது, பெரியவர்கள் நால்வர் வரை மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகள் நால்வர் வரை 60 சதவீதமும் கட்டணச் சலுகை பெறலாம். புறப்படுமுன் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, புளியோதரையைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.