டொராண்டோவிலிருந்து பாளைக்கு 5 வாரம்: எந்தத் தேதி, எந்த ஏர்போர்ட், பூட்டிட்டு வர்ற வீட்டுக்கு என்ன செய்யணும்?

பாளைப்பொண்ணு

வணக்கம். டொராண்டோ குளிருக்குத் தப்பிச்சு மூணு பேர் ஊருக்கு வர்றோம். பையனுக்கு ரெண்டரை வயசு, ஸ்கூல் கிடையாது. டிசம்பர் 18 கிளம்பி ஜனவரி 20 திரும்பலாம்னு யோசனை, டிக்கெட் இன்னும் போடல. அம்மா வீடு பாளையங்கோட்டை. கிறிஸ்துமஸுக்கு மாமனார் ஊர் நாசரேத்.

தேதி சரியா? சென்னை, மதுரை, திருவனந்தபுரம், தூத்துக்குடி, இதுல எங்க இறங்க? பையனுக்கு என்ன ஏற்பாடு? அஞ்சு வாரம் இங்க வீடு பூட்டிக் கிடக்கும், பைப் உறைஞ்சிடாம என்ன செய்யணும்?

கொக்கிரகுளத்தான்

தங்கச்சி, டிசம்பர்னா நம்மூர்ல வெயில் காலம்னு நெனச்சு டிக்கெட் போட்டுறாத. வடகிழக்குப் பருவமழை டிசம்பர்லயும் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18-ல குமரிக்கடல் பக்கம் ஒரு காத்துச் சுழற்சி நகராம நின்னதுல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சது. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட நின்னுபோச்சு. தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியை வெள்ளம் அரிச்சுட்டுப் போனதால திருநெல்வேலி–திருச்செந்தூர் லைன் வாரக்கணக்குல ஓடல. நாசரேத் அதே லைன்லதான் இருக்கு.

வருஷா வருஷம் அப்படி வராது. ஆனா 24-ம் தேதி சாயங்காலம் கிளம்பி ராத்திரி ஆராதனைக்குப் போயிரலாம்னு கணக்குப் போடாத. 22-ம் தேதியே நாசரேத் போயிரு. மழை பெஞ்சாலும் சமாளிக்க ஒருநாள் கையில இருக்கும்.

என்னைக் கேட்டா, டிசம்பர் 18 – ஜனவரி 20ங்கிறதை அப்படியே தள்ளி 20-ம் தேதி வந்து ஜனவரி கடைசியில திரும்பு. ஜனவரி பொறந்ததும் மழை ஓயும், பகல் 30 டிகிரி, ராத்திரி 22, 23. பொங்கலுக்குப் பனங்கிழங்கு வந்துரும். பதனிக்கு மட்டும் ஆசைப்படாத, அதுக்குக் கொஞ்சம் வெயில் ஏறணும். குற்றாலம் மார்கழியில ஐயப்ப பக்தர் கூட்டம், பொங்கல் கழிச்சுப் போ. பையனுக்குக் காட்டணும்னா கூந்தன்குளம்: அவனை மாதிரியே குளிருக்குத் தப்பி இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து ஜனவரியில அங்க நிக்கும். வெள்ளன போனாத்தான் பக்கத்துல தெரியும்.

வள்ளியூர்_வண்டி

எங்கே இறங்குவது என்பதற்கு என் ஓட்டு திருவனந்தபுரம். வளைகுடா வழியாக ஒரே டிக்கெட்டில் வந்துவிடலாம், பெட்டி கடைசி வரை வந்து சேரும். சுமார் 150 கி.மீ. தூரத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வரைதான் ஊர்ந்து போகணும். ஆரல்வாய்மொழி தாண்டினால் நாலுவழிச்சாலை. மொத்தம் 4 மணி நேரம் வையுங்கள். பாளையிலிருந்து கார் வரச்சொன்னால் கேரள பெர்மிட் போட்டாச்சா என்று முதல்நாளே கேளுங்கள். இல்லாவிட்டால் எல்லையில் நிறுத்திப் பணம் கட்டும்போது குழந்தை பின்சீட்டில் அழுதுகொண்டிருக்கும்.

மதுரையிலிருந்து சாலை அருமை, விருதுநகர், கோவில்பட்டி வழியாக இரண்டரை மணி நேரம். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் குறைவு.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில், பாளையிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிக்கல் வேறு இடத்தில். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்று போட்டால் பெட்டியைச் சென்னையில் நீங்களே எடுத்துத் திரும்பக் கொடுக்கணும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், கனடாவிலிருந்து கொண்டுவருவது 23 கிலோ பெட்டி இரண்டு. கூடுதல் கிலோவுக்குக் கட்டும் தொகை டிக்கெட்டைத் தாண்டிவிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் கதை முடிந்தது.

ஜனவரி 20 திரும்புவதாக இருந்தால் சென்னை வேண்டவே வேண்டாம். பொங்கல் முடிந்து ஊரே திரும்பும் வாரம் அது. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும், நெல்லை எக்ஸ்பிரஸும் வந்தே பாரத்தும் நிமிஷத்தில் நிறைந்துவிடும்.

பையனுக்குக் கனடா பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வேண்டும், இன்னும் எடுக்கவில்லையென்றால் இ-விசா. கனத்த ஜாக்கெட்டுகளைக் கைப்பையிலேயே வையுங்கள். திரும்பும்போது பெட்டி வராமல் போய் டொராண்டோவில் மைனஸ் 15-ல் பருத்திச் சட்டையோடு நிற்கக் கூடாது.

மருந்துக்கடை_மைனி

பையனுக்கு டைபாய்டு ஊசியும் ஹெபடைடிஸ் ஏ ஊசியும் கிளம்புறதுக்கு ரெண்டு வாரமாச்சும் முன்னாடி போடுங்க. “நம்ம ஊருதானே”ன்னு சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்றவங்கதான் இதை விட்டுர்றாங்க.

காய்ச்சல் மருந்துல ரொம்பக் கவனம். கனடாவுல குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 160 மி.கி. இங்க கடையில 5 மில்லிக்கு 120 அல்லது 125-ம் இருக்கு, 250-ம் இருக்கு. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு. 12 கிலோ பையன்னா 180 மி.கி., அங்கத்த சிரப்ல ஐந்தரை மில்லி, இங்கத்த 250-ல மூணரை மில்லி. பழக்கத்துல ஐந்தரை ஊத்துனா ஒன்றரை மடங்குக்கு மேல போயிரும். மில்லியைப் பாக்காம, பாட்டில்ல மி.கி.யைப் பாருங்க. மழைக்காலத்துக் காய்ச்சல்னா டெங்குவா இருக்கலாம், அதனால ரத்தப் பரிசோதனை வர்றவரை ஐபுப்ரோபென் வேண்டாம்.

வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பெரிய பாக்கெட் ஒண்ணு முழுசா ஒரு லிட்டர் ஆறவெச்ச தண்ணியில. பாதியைக் கிளாஸ்ல கரைச்சுக் கொடுக்காதீங்க, உப்பு கூடிப்போனா குழந்தைக்கு ஆபத்து. அட்டைப்பெட்டியில வர்ற இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது.

டெங்குக் கொசு பகல்லதான் கடிக்கும். ராத்திரி வலை மட்டும் போதாது. மதியம் தூங்குறப்பவும் கட்டுங்க.

ஸ்கார்பரோ_சேரன்மாதேவி

பைப்புக்கு வருகிறேன். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிப்பது அதனால்தான். ஆனால் வீட்டைக் கெடுப்பது வெடிப்பு இல்லை, அதன் பிறகு நாள்கணக்கில் ஓடும் தண்ணீர். அதனால் ஹீட்டரை நம்புவதைவிட மெயின் வால்வை மூடுவதே முக்கியம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் மீட்டர் பக்கத்தில் இருக்கும். மூடியபின் மேல்மாடிக் குழாயைத் திறந்துவிட்டு, பேஸ்மென்ட் தொட்டிக் குழாயையும் திறங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே வடியும். டாய்லெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். தோட்டத்துக் குழாய்க்கு உள்ளே தனி வால்வு உண்டு, அதை மூடி வெளிக்குழாயைத் திறந்தே வையுங்கள். சுடுதண்ணீர் ஹீட்டரை வெக்கேஷன் நிலையில் வையுங்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஓடும் வீடாகவோ தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் உள்ள கட்டடமாகவோ இருந்தால் மட்டும் டெக்னீஷியனைக் கேட்காமல் மூட வேண்டாம்.

தெர்மோஸ்டாட் 15 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். பலரும் மறப்பது இது: புது ஃபர்னஸ்களின் வெள்ளை பிவிசி குழாய் பக்கச் சுவரில் தாழ்வாக வெளியே வரும். பனி குவிந்து அதன் வாய் அடைத்தால் ஃபர்னஸ் தானே நின்றுவிடும். பெரிய பனிக்குப் பிறகு ஒருவர் போய் அந்த இடத்துப் பனியை மண்வெட்டியால் தள்ளணும். மெயின் கரண்டை அணைக்கக் கூடாது, ஃபர்னஸுக்கும், இருந்தால் சம்ப் பம்ப்புக்கும் (பேஸ்மென்ட்டில் சேரும் நீரை வெளியேற்றும் மோட்டார்) அது வேண்டும்.

இன்ஷூரன்ஸ்: பல பாலிசிகளில் குளிர்காலத்தில் சில நாளுக்கு மேல் வீடு காலியாக இருந்தால் யாராவது வந்து பார்க்கணும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்கணும். எத்தனை நாள் என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். போனில் சொன்னது பிறகு எடுபடாது.

பாளைப்பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் 20 – ஜனவரி 27, திருவனந்தபுரம்னு முடிவு பண்ணிட்டோம். இன்னொண்ணு. பாளை வீட்டு மாடி ஆறு மாசமா பூட்டிக் கெடக்கு. அதுக்குத் தனி மோட்டார், தனி டேங்க். அப்பா போட்டுப் பாத்தாங்க, ஊம்னு சத்தம் மட்டும் வருது, சுத்தல.

கொக்கிரகுளத்தான்

சத்தம் கேட்டதும் உடனே அணைக்கச் சொல்லு, ஒரு நிமிஷம் விட்டா காயில் கருகிரும். கரண்டைப் பிடுங்கிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழத்தி ஃபேனைக் கையால சுத்திப் பாக்கணும். இறுகி நின்னா துரு, கொஞ்சங் கொஞ்சமா ரெண்டு பக்கமும் அசைச்சு விடணும். லேசாச் சுத்துச்சுன்னா, மோட்டாரைச் சுத்தத் தொடங்க வைக்கிற கெப்பாசிட்டர் போயிருக்கு. பழசுல எழுதியிருக்கிற அதே மைக்ரோஃபாரட் அளவு பாத்து வாங்கணும்.

மோட்டார் சுத்தியும் தண்ணி ஏறலைன்னா, உறிஞ்சுற குழாயோட அடியில இருக்கிற ஃபுட்வால்வு வாஷர் காஞ்சிருக்கும். மேல தண்ணி ஊத்தி நிரப்பி, மட்டம் இறங்குதான்னு பாரு. இறங்குனா வாஷரை மாத்து. டேங்கைத் தேச்சுக் கழுவிட்டு, 1000 லிட்டருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில கரைச்சுத் தெளிவை மட்டும் ஊத்தி, ஒரு ராத்திரி வெச்சு, எல்லாக் குழாய் வழியாவும் திறந்து விட்டுரணும். நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி செஞ்சாப் போதும். டேங்க் மூடி சரியா உக்காருதான்னு மட்டும் அப்பாகிட்ட பாக்கச் சொல்லு, மைனி சொன்ன கொசு முட்டையிடுறது அங்கதான்.