‘சும்மாதாம்மா கீறேன்’ என்பவரை ஆய்வுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாலாற்று மணல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பொருளியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் குடும்பங்களின் வருமானம்தான் தலைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் படிவம் நிரப்பி முடித்த பிறகே சிக்கல் புரிந்தது.

படிவத்தின் நான்காவது கேள்வி ‘தங்கள் தொழில் என்ன?’ என்பது. பேரணாம்பட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். மடியில் முறத்தை வைத்திருந்த அந்த அம்மா, ஊறவைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை நகத்தால் மடித்துப் போட்டபடியே, “நான் வூட்ல சும்மாதாம்மா கீறேன்” என்றார். அதை நான் எழுதி முடிப்பதற்குள் இரண்டு பீடிகள் முறத்தில் விழுந்துவிட்டன. நான் குறியிட்டதோ ‘இல்லத்தரசி’ என்ற கட்டத்தில். திரும்பிப் பார்த்தால், பெண்கள் பதில் சொன்ன படிவங்களில் பாதிக்கு மேல் இதே குறிதான் இருக்கிறது.

இதோடு, இலையும் தூளும் தரும் ஒப்பந்தக்காரரின் கணக்குப் புத்தகம் பல வீடுகளில் கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கிறது. ஒரே புத்தகத்தின் பேரில் மூன்று பெண்கள் சுற்றுகிறார்கள். வருமானத்தை யாருடையது என்று எழுதுவது? என் நெறியாளர், “பாலினத்தை ஒரு மாறியாக அட்டவணையில் சேர்த்துவிட்டு மேலே போங்கள், இதைக் கிளறினால் வாய்மொழித் தேர்வில் பெண்ணியம் பேசுவதாகச் சொல்வார்கள்” என்கிறார். மீண்டும் களத்துக்குப் போகலாமா? கைக்குழந்தை இருப்பதால் காலமும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

கணக்காயன் (ஆற்காடு) எழுதுகிறார்:

அம்மா, முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் சிக்கல் புதியதன்று, நீங்கள் செய்த பிழையும் புதியதன்று. 1980களில் வட ஆற்காட்டு நெல் விவசாயக் குடும்பங்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பில் நானும் படிவம் நிரப்பியிருக்கிறேன். ‘குடும்பத் தலைவர்’ என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு நேரே ஆண் ஒருவர் வந்து உட்காரும்வரை காத்திருந்து எழுதினோம். நாற்று நட்டவர் கதவுக்குப் பின்னால் நின்று, கூலி விவரத்தைக் கணவருக்கு மெல்லத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் படிவத்தில் அந்தக் குரலுக்கு இடமில்லை.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குறியீடுகளைப் பாருங்கள். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், சொந்த வீட்டுக்குத் தையல் போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இரண்டும் உழைப்பாளர் எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவை. கூலிக்குப் பீடி சுற்றுபவரை இவற்றில் போடுவது விதிப்படியே தவறு. ஆண்டின் பெரும்பகுதி வீட்டு வேலையில் கழிந்தாலும், 30 நாட்களுக்குக் குறையாமல் வேறொரு தொழில் செய்திருந்தால் அதைத் துணைத் தொழிலாகப் பதிய வேண்டும். ஆனால் அந்தத் துணைக் கேள்வியைக் கேட்டால்தானே பதில் வரும்? ‘சும்மா’ என்ற சொல் காதில் விழுந்ததும் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆந்திரத்தின் நர்சாப்பூரில் ஏற்றுமதிக்காக லேஸ் பின்னிய பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நெருங்கிய உறவு. நாள் முழுக்கப் பின்னியவர்களை எல்லோரும் இல்லத்தரசிகள் என்றே கருதியதால் கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்க முடிந்தது என்று அவர் காட்டினார். ஆகவே ‘சும்மா’ என்ற விடையை அழித்துவிடாதீர்கள். அதை ஒரு நிரலிலும், நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தார் என்பதை மறு நிரலிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே உங்கள் ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பாக இருக்கும். 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இந்த வழியில்தான் போயிற்று: ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அதில் தெரிந்தது.

இடையில் ஓர் எச்சரிக்கை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய அட்டவணைகளில் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூருக்குள்ளேயே இருக்கும். ஒப்பிடும்போது கவனம் தேவை.

ஆம்பூர்வாசி எழுதுகிறார்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவுடன் வைக்கிறேன். எல்லாவற்றையும் பாலினம் என்ற ஒரே ஆணியில் மாட்டக் கூடாது. எங்கள் ஊர்க் காலணித் தொழிற்சாலைகளில் மேல்தோல் தைக்கும் வரிசைகளில் பெரும்பாலும் பெண்களே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் ‘சும்மா இருக்கிறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதி எண்ணும் கையில் இருக்கின்றன. தோல் ஊறும் தொட்டியிலும் சுண்ணாம்பிலும் நிற்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அதிலும் எந்தச் சாதியினர் என்பது ஊரறிந்த சேதி. பீடி சுற்றும் வீடுகளிலும் சாதி, மதம், கடன் ஆகியவற்றைப் பார்க்காமல் விடையின் பொருளை அறிய முடியாது. என் பெரியப்பாவும் பீடி சுற்றியவர்தான். தொழில் கேட்டால் ‘பீடித் தொழிலாளி’ என்று சங்க அட்டையை எடுத்துக் காட்டுவார்.

நுண்ணோக்கி (தொரப்பாடி) எழுதுகிறார்:

ஆம்பூர் நண்பரே, தாங்கள் மறுக்க வந்த வாதத்துக்குத் தாங்களே சான்று கொடுத்துவிட்டீர்கள். அதே முறம், அதே இலை, அதே கட்டு. பெரியப்பா சுற்றினால் தொழில், பெரியம்மா சுற்றினால் சும்மா. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம். சட்டம் கொடுத்த பெயர் அந்தத் திண்ணைவரை வந்து சேரவில்லை. சாதியையும் மதத்தையும் விடக் கூடாது என்ற தங்கள் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது, கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பற்றி. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுவதை ஏற்காத காலத்தில், பெண்களுக்கென்றே 1918இல் ஐடா ஸ்கடர் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம் வேலூர். ஆண் மாணவர்கள் 1947இல்தான் உள்ளே வந்தார்கள். 1986இல் நடந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் மாதிரிகள், அந்த மருத்துவப் பள்ளி வளர்ந்து உருவான வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் சான்று அதுதான். ஒரு பெண் மாணவியின் உழைப்பு என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஆனால் வகுப்பில் இதை எடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல்: காவலில் இருந்த பெண்ணால் கையை நீட்ட மறுத்திருக்க முடியுமா? தங்கள் களத்திலும் ஒப்பந்தக்காரர் வாசலில் நிற்கும்போது தரும் ஒப்புதல், ஒப்புதல் ஆகாது. அவர் இலை கொடுத்துவிட்டுப் போன பிறகு செல்லுங்கள்.

காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் மறுபதிவில் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகளும் கிடைக்கக்கூடும். மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. இது சலுகை என்ற தொனியில் அலுவலகத்தில் பேசினால், விதியின் நகலை மேசைமேல் வையுங்கள். நான் அப்படித்தான் பெற்றேன்.

மூன்றாம் கட்டம் எழுதுகிறார்:

நான் ஒரு திருநங்கை; காட்பாடி. சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு வந்த ஆய்வு மாணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு கட்டத்தில் குறியிட்டார். எதில் என்று எட்டிப் பார்ப்பதற்குள் தாளைத் திருப்பிவிட்டார். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. உங்கள் படிவத்திலும் அந்த இடத்தை நீங்கள் நிரப்பாமல், எதிரில் இருப்பவரைக் கேட்டு எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

பாலாற்று மணல் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. நெறியாளரிடம் பேசி, முதலில் இருபது வீடுகளுக்கு மட்டும் திரும்பிப் போக ஒப்புதல் பெற்றேன். பேரணாம்பட்டு அம்மாவிடம் இம்முறை தொழிலைக் கேட்கவில்லை. நேற்று விடிந்தது முதல் சொல்லச் சொன்னேன். தண்ணீர் பிடித்தது, இட்லி ஊற்றியது, இலை நறுக்கியது, பள்ளிக்கு அனுப்பியது, மறுபடி முறம், மாமியாருக்கு மாத்திரை, மறுபடி முறம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இரவு பத்து மணிக்கு வந்ததும் தாமே நிறுத்தினார். பிறகு என் தாளை எட்டிப் பார்த்து, “இத எம் பேருல எழுதிக்கினியா? புக்குல அவரு பேருதான் கீது” என்றார்.

எழுதிவிட்டேன். ஆனால் கணக்காயன் ஐயா, ஒரு புத்தகத்தில் மூன்று பேர் சுற்றிய கட்டுகளை எப்படிப் பிரிப்பது? ஒருவர் இலை வெட்ட, மற்றவர் சுருட்ட, சிறுமி நுனி மடிக்கிறாள். நேரத்தைக் கொண்டு பிரித்தால் போதுமா?