புதுப்பிப்பு: அம்மாவின் மாத்திரைப் பெட்டி, ஆறு வாரம் கழித்து

அம்மா சர்க்கரை மாத்திரையை ஒரே காலையில் இரண்டு தடவை போட்டுக்கொண்டு மயங்கிவிட்டார், நேரத்துக்கு மாத்திரை எடுத்துத் தரும் ரோபோ பெட்டி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம்.

வட்டத்தட்டில் 28 அறைகள். நேரம் வந்ததும் தட்டு ஓர் அறை நகர்ந்து மணி அடிக்கும். பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினால்தான் சத்தம் நிற்கும். மற்ற அறைகள் பூட்டியே இருப்பதால் இரண்டாம் தடவை எடுக்க வழியில்லை. எனக்கு இப்போதுதான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

ஆனால் அது நேரத்தைத்தான் பார்க்கிறது, சாப்பாட்டைப் பார்ப்பதில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். ஒரு நாள் எட்டு மணிக்கு மணி அடித்தபோது இட்லி வேகவில்லை. அம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். பெட்டியோ 'எடுத்தாயிற்று' என்று என் போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. கொட்டியது அதற்குத் தெரியும், விழுங்கியது தெரியாது. இப்போது மணி 8.30க்கு. செய்தி வந்ததும் கூப்பிடுகிறேன்: "அம்மா, தட்டு முன்னால உட்கார்ந்தாச்சா?"

அப்புறம், அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரிக்கக் கூடாத மாத்திரைகள் உண்டு. நிரப்பும் முன் மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.