‘சர்கார்’ படத்து 49-பி: நிஜத்துல பார்த்தவங்க இருக்கீங்களா?

ஆத்தங்கரை:
நேத்து டிவியில ‘சர்கார்’ ஓடுச்சு. 2018 தீபாவளிக்குத் தியேட்டர்ல பார்த்தப்பவே உறுத்தின இடம் ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல இருந்து ஓட்டுப் போடவே வர்ற விஜய் பூத்துக்குப் போறதுக்குள்ள, அவர் ஓட்டை வேற யாரோ குத்திட்டுப் போயிடுறான். 49-பி-ன்னு சொல்லி கோர்ட்டுக்குப் போறார். அதுவரைக்கும் சரி. அந்த ஒத்தை ஓட்டுக்காகப் பதவியேற்பே நிக்குது. அவரைப் பார்த்து லட்சக்கணக்கானவங்க கேஸ் போட, கடைசியில மாநிலம் பூரா மறுதேர்தல்! இது எப்படின்னு எனக்குப் பிடிபடவே இல்ல. தேர்தல் வேலை பார்த்தவங்க, கள்ள ஓட்டுல ஓட்டைப் பறிகொடுத்தவங்க யாராவது நேர்ல நடந்ததைச் சொல்லுங்களேன்.

சாக்பீஸ்:
49-பி நிஜம்தான் தம்பி. எல்லாரும் ‘செக்‌ஷன்’னு சொல்றாங்க, அது 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகள்ல ஒரு விதி, நம்ம ஓட்டை வேற யாராவது போட்டுட்டா என்ன பண்றதுங்கிறதுக்கானது. நான் வாத்தியார், எலெக்‌ஷன் ட்யூட்டி தலையில விழாத தேர்தல் கிடையாது. ஒரு சட்டமன்றத் தேர்தல்ல பிரிசைடிங் ஆபீசரா உட்கார்ந்திருந்தப்போ இதைக் கண்ணால பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல, கூட்டம் குறைஞ்ச நேரம். வயசான ஒருத்தர் பூத் ஸ்லிப்பை நீட்டினார். முதல் அலுவலரா இருந்த டீச்சரம்மா பேரை வாசிக்க வாயெடுத்தவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. பட்டியல்ல அவர் பேருக்குக் கீழ ஏற்கெனவே சிவப்புக் கோடு. ஏஜென்ட்டுங்க அத்தனை பேரும் எந்திரிச்சு, ஒருத்தரை ஒருத்தர் முறைக்க ஆரம்பிச்சாங்க. பெரியவர் இடது கை ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரா நீட்டி, “மை இருக்கா, நல்லாப் பாருங்க சார்”னார். இல்ல. அட்டையில இருக்கிற போட்டோவும் அவரேதான். அப்பா பேர், கதவு எண், வீட்டுல வேற யாருக்கெல்லாம் ஓட்டு இருக்குன்னு கேட்டேன், தடுமாறாம சொன்னார்.

இந்த மாதிரி ஆளுக்குன்னே ஒவ்வொரு பூத்துக்கும் கொஞ்சம் காகித வாக்குச்சீட்டு கொடுத்து அனுப்புவாங்க. டிரெயினிங்ல ‘ஆய்வுக்குரிய வாக்கு’ம்பாங்க, நாங்க பேசிக்கிறது டெண்டர் ஓட்டு. 17-பி படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு, சீட்டையும் முத்திரைக் கட்டையையும் கையில கொடுத்தேன். அட்டை மறைப்புக்குள்ள போய்க் குத்தி, மடிச்சுக் கொண்டாந்து கொடுத்தார். தனிக் கவர்ல போட்டேன். மிஷின் பக்கமே அவரை விடக்கூடாது, விதி அப்படி. போகும்போது, “இதை எண்ணுவீங்கல்ல?”ன்னு கேட்டார். பத்திரமா இருக்கும்யான்னு மட்டும்தான் சொன்னேன். வாக்கு எண்ணிக்கை அன்னிக்கு அந்தக் கவரைத் தொடவே மாட்டாங்கன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல.

மூணாவது வரிசை:
உங்க பூத்லயாவது சீட்டு கொடுத்தீங்க சார். எனக்கு, “உங்க ஓட்டு ஆயிடுச்சும்மா, கிளம்புங்க”ன்னு ஒத்தை வரியில முடிச்சுட்டாங்க. அப்போ ‘சர்கார்’ எல்லாம் வரல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் 49-ஓ, அதாவது யாருக்கும் ஓட்டில்லைன்னு எழுதிக் கொடுக்கிறது. அதை எழுத்தாளர் ஞாநி எழுதி எழுதியே பிரபலமாக்கியிருந்தார். அந்த நினைப்புல நான் 49-ஓ வேணும்னு கேட்டுச் சண்டை போட, ஓட்டே இல்லாத ஆளுக்கு 49-ஓ எதுக்குன்னு அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. படத்தை நீங்க எவ்வளவு வேணா கிண்டல் பண்ணுங்க, அடுத்த எழுத்து ‘பி’ன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் படம்தான்.

கறுப்புக்கோட்டு:
ஆத்தங்கரை கேட்டதுக்கு வர்றேன். எங்க சீனியர்கிட்ட தேர்தல் வழக்குக் கட்டு ஒண்ணைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன், அதனால படத்தோட அந்தப் பகுதி எனக்கு முழுக் காமெடி. தேர்தல் முடிவை எதிர்க்கணும்னா அரசியல் சாசனத்தோட 329(பி) பிரிவுப்படி ஒரே வழி எலெக்‌ஷன் பெட்டிஷன்தான். ரிசல்ட் வந்து 45 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல போடணும். தோத்த வேட்பாளரும் போடலாம், தொகுதி வாக்காளரும் போடலாம். ஆக, ஹீரோ கேஸ் போட முடியும். ஆனா அவர் தொகுதி எம்.எல்.ஏ. ஜெயிச்சது செல்லுமாங்கிறது மட்டும்தான் அங்க கேள்வி. மிச்சம் 233 தொகுதிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. லட்சம் பேர் வந்தாலும் அவங்கவங்க தொகுதிக்குத் தனித்தனியாத்தான் வழக்கு.

அடுத்த முட்டுக்கட்டை ஓட்டு வித்தியாசம். அந்த ஓட்டுகளால முடிவே மாறியிருக்கும்னு காட்டணும். பத்தாயிரம் ஓட்டுல ஜெயிச்சவர்கிட்ட ஒரு கவரைக் காட்டி என்ன பண்றது? 2008-ல ராஜஸ்தான் நாத்துவாரா தொகுதியில காங்கிரஸோட சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டுல தோத்தார், 62,216-க்கு 62,215. அங்கதான் டெண்டர் ஓட்டுக்கு உயிர் வந்துச்சு. அந்தச் சண்டை 2011-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அங்கேயும், மனுவுல முறையா எழுப்பாத விஷயத்தைப் பின்னாடி நுழைக்க முடியாதுன்னுட்டாங்க. படத்துல இந்த வித்தியாசக் கணக்கை ஒரு வரி சேர்த்திருந்தா, உங்களுக்கு அந்தக் குழப்பமே வந்திருக்காது.

விசாக்காரன்:
ஃபிளைட் பிடிச்சு வர்றது மட்டும் நிஜம்ங்க. வெளிநாட்டுல இருக்கிற எங்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது. படிவம் 6-ஏ கொடுத்துப் பேர் சேர்த்துட்டு, ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நேர்ல போய் நிக்கணும். நான் போய் நின்னப்போ, இந்தப் பட்டியல் எங்க இருக்குன்னே பூத்துல தேடினாங்க. தனி ஜெட் இல்லாததால திரும்பிப் போற ஃபிளைட்டை நினைச்சு வயித்துல புளி கரைச்சது வேற கதை.

ஆத்தங்கரை:
கறுப்புக்கோட்டு அண்ணே, இப்போ விளங்குது. வாத்தியார் சார், அந்தக் கவர் அப்புறம் எங்க போகும்?

சாக்பீஸ்:
மத்த தேர்தல் காகிதங்களோட சீல் வெச்சு உள்ள போயிடும். கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் பிரிக்க முடியாது. எங்க தொகுதியில வித்தியாசம் பெருசு, யாரும் கேஸும் போடல.