ஸ்மார்ட் பல்பு: கம்பெனி சர்வரை மூடினால் என்ன ஆகும்?

கேள்வி: வீடு முழுக்க ஸ்மார்ட் பல்பு மாட்டச் சொல்கிறார்கள். சர்வரை மூடிவிட்டால் பல்பு என்ன ஆகும்? வாங்குமுன் எதைப் பார்க்கணும்?

பதில் 1: பயம் நியாயம்தான். 2016 மே மாதம் ரிவால்வ் ஹப் (வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒரே ஆப்பில் இயக்கும் பெட்டி) சர்வரை மூடினார்கள். நன்றாக ஓடிய கருவி வெறும் டப்பா ஆனது. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை: ரவுட்டரில் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை ஓடட்டும். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஆப்பில் பல்பைப் போடுங்கள். எரியவில்லையா? எல்லாம் கிளவுட் (கம்பெனி சர்வர்) வழியாகத்தான் போகிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2: சுவர் ஸ்விட்சை யாராவது அணைத்தால் பல்புக்கு மின்சாரமே கிடையாது, ஆப் என்ன செய்யும்? ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்மார்ட் ரிலே (ஆப் இயக்கும் குட்டி ஸ்விட்ச்) வையுங்கள், கையாலும் போடலாம். ஸ்விட்ச் பெட்டியில் நியூட்ரல் ஒயர் (மின்னோட்டம் திரும்பும் ஒயர்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நியூட்ரல் வேண்டாத ரிலே மாடல்கள் பல்பு வழியாகவே கொஞ்சம் மின்னோட்டம் எடுக்கும். அதனால் குறைந்த வாட் எல்ஈடி அணைத்த பிறகும் மினுக்கலாம். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பதில் 3: பல வைஃபை பல்புகளுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைக்கப் பார்த்துப் பல்பைத் திட்டாதீர்கள். மாடிப்படிக்கு எதற்கு ஆப்? ஆள் வந்தால் விளக்கைப் போடும் சாதா மோஷன் சென்சார் போதும்.