ஆய்வேட்டைப் பொதுவில் வைத்த பிறகு தேடி வந்தவர்கள்

குளச்சல் தமிழாசிரியை:

என் முனைவர் பட்ட ஆய்வேட்டை 2011-இல் கொடுத்தேன். குளச்சலிலிருந்து மேற்கே தூத்தூர் வரை கடற்கரை ஊர்களில் மீனவர்கள் வழங்கும் தொழிற்சொற்கள்தான் பொருள். காற்று, நீரோட்டம், வலை, தூண்டில், கடலடிப் பாறைகள், மீன்வகை என்று ஆறு ஆண்டுகள் அலைந்து சேர்த்த சொற்கள். அட்டையில் பொன்னெழுத்துப் பதித்துப் பிரதிகள் கட்டினோம். வாய்மொழித் தேர்வு முடிந்து சில மாதங்கள் கழித்து நூலகத்துக்குப் போனேன். என் ஆய்வேடு பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. வெளியாள் ஒருவர் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் துறைத்தலைவரின் கடிதம் வேண்டுமாம். எனக்கு மணிக்கணக்கில் சொல் கொடுத்த கட்டுமரக்காரர்களில் ஒருவர்கூட அந்தக் கடிதத்தோடு அங்கே வரப்போவதில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனம் கனத்துப் போயிருந்தது.

பின்னர் பல்கலைக்கழகம் அதை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வானிலை அறிவிப்புகளைக் குரல்பதிவாக மீனவர்களுக்கு அனுப்பும் ஒரு தன்னார்வலர் மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் தெரிந்தது. 'காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று சொன்னால் கரையில் யாருக்கும் உறைப்பதில்லை, கச்சான் எப்படி வீசும், வாடை எப்படி இறங்கும் என்று உங்கள் மூன்றாம் இயலில் இருக்கிறது, அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். சொன்னவர்களின் வாயிலிருந்து வந்த சொல் அவர்களின் காதுக்கே திரும்பிப் போகிறது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவதாக வந்த செய்தி வேறு மாதிரியானது. என் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் உண்டு. பெயர், வயது, ஊர், கைபேசி எண் எல்லாம். அப்படிக் கொடுத்தால்தான் களஆய்வு உண்மையென்று நம்புவார்கள் என்று நெறியாளர் சொன்னார், நானும் சேர்த்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் ஊர் ஊராகக் கதறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், என் தகவலாளர் ஒருவரின் வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் கேட்டிருக்கிறார்கள். அவருடைய மருமகன் அப்போது கடலில் இருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் மருமகனைப் பற்றிய செய்தி என்று ஓடி எடுத்திருக்கிறார்கள். எண் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு ஒருவர் என் ஆய்வேட்டின் பெயரைச் சொன்னாராம். மருமகன் எட்டாம் நாள் கரை சேர்ந்தார். ஆனாலும் அந்த எட்டு நாள் அந்த வீட்டில் மணி அடித்ததற்கு நான் காரணம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டையும் அனுபவித்த பிறகும் ஆய்வேடு திறந்தே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற நூலகர்:

அம்மா, அந்தப் பட்டியலை மட்டும் மறைத்திருக்கலாம். ஷோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக இருப்பதில்லை. தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல், பின்னிணைப்பு என்று தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும். பின்னிணைப்பை மட்டும் எடுத்துவிட்டு எண்களை நீக்கிய கோப்பை வைக்கும்படி பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள்.

நான் இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேடுகளின் மின்கோப்பைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அவற்றை வாங்கி ஷோத்கங்காவில் வைக்கிறது. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன, படிக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் நம் மாவட்டத்தைப் பற்றியவற்றைத் தேடி எடுப்பது தனிக் கலை. ஆங்கிலத்தில் கன்னியாகுமரியை ஒரு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். கேப் காமரின் என்றும் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் வரலாற்று ஆய்வேடுகள் தென்திருவிதாங்கூர் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். நாஞ்சில் நாடு என்றும் தேட வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல்தான் வந்தது, அதற்கு முந்தியவை மதுரையில் இருக்கும். திருவனந்தபுரத்திலும் பார்க்க வேண்டும். தோள்சீலைப் போராட்டம் பற்றிப் படிக்க வந்த ஒரு பெண், ஒரே சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு எதுவும் இல்லை என்று எழுந்துவிட்டாள். உட்காரவைத்து இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேடிக் காட்டினேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு மாலை வரை படித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு பெரிய நோய் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை திரையில் அழகாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்திருந்தால் கோப்பின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். தேடுபொறி என்ன செய்யும், பாவம். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்ற பிறகும் பல ஆண்டுகள் நம் பக்கத்துத் தட்டச்சு நிலையங்களில் பழைய எழுத்துருவே ஓடியது. உங்கள் 2011 ஆய்வேடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சொற்பட்டியலை மட்டுமாவது ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

என் மனத்தை இன்றும் அரிப்பது எம்.ஃபில். ஆய்வேடுகள். நம் கல்லூரிகளில் எத்தனை பிள்ளைகள் தங்கள் சொந்த ஊர்க் கோயில், வில்லுப்பாட்டு, நடுகல், பனைத்தொழில், கருப்பட்டிச் சந்தை என்று எழுதினார்கள்! நூறு, நூற்றைம்பது பக்கம்தான். ஆனால் அந்த ஊரைப் பற்றி வேறு எவரும் எழுதியிருக்க மாட்டார்கள். 2022 விதிகளோடு எம்.ஃபில். படிப்பே நின்றுபோனது. நான் பார்த்தவரை இவற்றில் பெரும்பாலானவை எந்தக் களஞ்சியத்திலும் ஏறவில்லை. நான் பணியாற்றிய ஓர் இடத்தில் புதுக் கட்டடம் கட்டியபோது அவற்றைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். ஒரு மழைக்காலம் போதுமாக இருந்தது. கறையான் ஏறாத 41 பிரதிகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்தேன். எழுதியவர்களைத் தேடிப்பிடித்து இசைவுக் கடிதம் வாங்கி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 17 பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் தோவாளையில் பூக்கடை வைத்திருக்கிறார். தம் ஆய்வேட்டைக் கையில் வாங்கியதும் பேச்சே வரவில்லை அவருக்கு, மல்லிகையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

தக்கலை ஆய்வு மாணவர்:

ஐயா, ஒரு சந்தேகம். என் ஆய்வேடு களஞ்சியத்தில் ஏறிய பிறகு அதன் நான்காம் இயலைச் சுருக்கிக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பினேன். ஒப்புமைச் சோதனையில் 60 விழுக்காட்டுக்கு மேல் வந்திருக்கிறது, கருத்துத்திருட்டு என்று திருப்பிவிட்டார்கள். ஒப்புமை முழுவதும் என் சொந்த ஆய்வேட்டோடுதான். நான் எழுதியதையே நான் திருடியதாக ஆகிவிட்டது. இரண்டு நாள் தூங்கவில்லை. இப்படி வரும் என்றால் எதற்குத் திறந்து வைக்க வேண்டும்?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற நூலகர்:

தம்பி, பயப்படாதீர்கள். மானியக் குழுவின் 2018 விதி 10 விழுக்காடு வரை விட்டுவிடுகிறது, அதற்கு மேல் போனால் எதனோடு ஒத்துப்போகிறது என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், இயந்திரம் சொல்லாது. இந்தக் கட்டுரை என் ஆய்வேட்டிலிருந்து உருவானது என்று முதல் பக்க அடிக்குறிப்பில் எழுதி, ஆய்வேட்டின் நிலையான இணைப்பையும் கொடுத்து, இதழாசிரியருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்து மறுபடி அனுப்புங்கள். நல்ல இதழ் என்றால் ஏற்கும். யோசித்துப் பாருங்கள், உங்கள் எழுத்தை நாளை வேறொருவர் எடுத்துப் போட்டாலும் இதே சோதனைதான் அவரைக் காட்டிக்கொடுக்கும். அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அதற்கு வழியில்லை.

பேச்சிப்பாறைப் பக்கம், தாவரவியல் ஆய்வாளர்:

இதைப் பல நாளாகச் சொல்ல நினைத்தேன். என் ஆய்வேடு காணிப் பழங்குடி மக்கள் பயன்படுத்தும் மூலிகைகள் பற்றியது. அறிவியல் பெயர், உள்ளூர்ப் பெயர், எந்த நோய்க்கு எந்தப் பாகம், எங்கே கிடைக்கிறது என்று அட்டவணை போட்டேன். களஞ்சியத்தில் ஏறிய மறு ஆண்டு ஒரு வியாபாரி அந்த அட்டவணையின் அச்சுப்படியோடு குடியிருப்புக்கே போய், இந்த வேர் எத்தனை கிலோ கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். எனக்குச் செடிகளைக் காட்டித் தந்த மூட்டுக்காணி, குடியிருப்பின் தலைவர், அடுத்த முறை நான் போனபோது உட்காரச் சொல்லவில்லை. 'உங்களிடம்தானே சொன்னோம், ஊருக்கெல்லாமா சொன்னோம்' என்றார். பதில் இல்லாமல் நின்றேன்.

ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை எனக்கு முன்பே தெரியும். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிப் போன காணி இளைஞர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அதைக் கேட்டறிந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் மருந்து கண்டது, உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கியது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசும் செய்தி. அதைப் படித்துத் தேர்வெழுதிய நானே, என் அட்டவணையில் செடி நிற்கும் ஓடையின் பெயரைக்கூட விடாமல் எழுதினேன். 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தால் போதுமா, எழுதுகிற கை நிதானிக்க வேண்டாமா?

இப்போது என் மாணவர்களுக்கு இரண்டே நிபந்தனை வைக்கிறேன். கிடைக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதக் கூடாது. கொடுப்பதற்கு முன் குடியிருப்பில் போய்த் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி அப்படி வாசித்தபோது மூன்று மருந்துகளை எடுக்கச் சொன்னார்கள், கூடவே அவள் கேட்காத ஐந்தைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மார்த்தாண்டம், பொருளியல் ஆசிரியர்:

சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. ஆய்வேடு ஏறிய சில வாரங்களில் வெளிநாட்டுப் பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு, உங்கள் அரிய ஆய்வைப் புத்தகமாக்குகிறோம், பணமே வேண்டாம் என்று மின்னஞ்சல் வரும். ரப்பர் சிறு விவசாயிகளைப் பற்றிய என் ஆய்வேட்டுக்கும் வந்தது. பெருமையில் கையெழுத்துப் போட்டேன். பிழை திருத்தவில்லை, ஒரு வரி மாற்றவில்லை, நம் ஊர்ப் பணத்தில் நாலாயிரத்துக்கு மேல் விலை வைத்தார்கள். புத்தக உரிமையும் அவர்களுடையது. இலவசமாகக் கிடைப்பதையே நாலாயிரம் கொடுத்து யாராவது வாங்கியிருந்தால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஷோத்கங்காவில் உள்ளதை வணிகம் அல்லாத எந்தப் பயனுக்கும் பெயர் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஓர் ஒப்பந்தம் எதற்கு?

முட்டம் வாசகர்:

அக்கா, வணக்கம். நான் பட்டப்படிப்பு முடிக்கவில்லை, படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். உங்கள் ஆய்வேட்டை ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் பாட்டாவுக்கு 84 வயது, கண் மங்கிவிட்டது. இரவில் மொட்டைமாடியில் உட்கார்ந்து கைபேசியில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். நான்கு இரவுகளாக வாசிக்கிறோம். சில சொற்களைக் கேட்டதும் சிரித்துக்கொள்கிறார், சிலவற்றுக்கு அந்தச் சொல்லைத் தம்மிடம் சொல்லிக்கொடுத்தவரின் பெயரைச் சொல்கிறார்.

ஐந்தாம் இயலில் கணியம் பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். மலையின் உச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து கடலுக்கு அடியிலுள்ள பார் என்கிற பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கிற முறை. அதில் எங்கள் பக்கத்துப் பார் ஒன்றுக்கு வேளிமலையும் கோயில் கோபுரமும் என்று இருக்கிறது. பாட்டா அந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அது பழைய கோயிலின் கோபுரமாம். அதை இடித்துவிட்டுக் கட்டிய புதுக் கோபுரம் மேற்கே தள்ளி நிற்கிறது. புதுக் கோபுரத்தை வைத்துக் கணியம் பார்த்தால் பாருக்குப் போய்ச் சேர முடியாது, தெரியாமல் வலையைப் போட்டால் கல்லில் கிழியும் என்கிறார். இன்று எல்லாரும் ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார்கள், யாரும் இதைப் பார்த்துக் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று சொன்னேன். 'எழுதிவிட்டால் எழுதினதுதானே நிற்கும், சரியாக எழுதச் சொல்லு' என்றார். அதனால் எழுதுகிறேன். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளச்சல் தமிழாசிரியை:

தம்பி, உங்கள் செய்தியை மூன்று முறை படித்தேன். அந்தக் கணியத்தை எனக்குச் சொன்ன பெரியவர் இறந்துவிட்டார். எந்தக் கோபுரம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை. தேர்வாளர்கள் இருவர் படித்தார்கள், அவர்கள் கண்ணிலும் இது படவில்லை. படவும் வழியில்லை.

நூலகர் ஐயாவிடம் இன்று பேசினேன். அந்தக் கைபேசி எண்களை எடுப்பது தவிர, பட்டம் பெற்ற ஆய்வேட்டின் உள்ளே இனி ஒரு வரியும் மாற்ற முடியாதாம், அது அப்படியே இருக்க வேண்டிய ஆவணம். ஆனால் திருத்தக் குறிப்பு ஒன்றைத் தனியே எழுதி, ஆய்வேட்டின் பக்கத்தோடு இணைத்து வைக்கக் கேட்கலாம் என்றார். எண்கள் இல்லாத தகவலாளர் பட்டியலையும் ஒருங்குறிச் சொற்பட்டியலையும் அதோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். பாட்டாவின் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் முட்டம் மீனவர் ஒருவர் என்று எழுதுகிறேன்.

நேரில் வந்து அவர் வாயால் கேட்க ஆசை. எந்த நேரத்தில் வந்தால் அவருக்குச் சிரமம் இருக்காது?

முட்டம் வாசகர்:

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள் அக்கா. பெயரைப் போடச் சொல்கிறார், ஆனால் வீட்டுப்பெயரோடு போட வேண்டுமாம், அதே பெயரில் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பழைய கோபுரம் பின்னால் தெரிகிற புகைப்படம் ஒன்று அத்தையின் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.