வேப்பிலை எண்டோஃபைட்: பிளேட் முழுக்க கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ், எக்ஸ்ட்ராக்ட்டிலும் ஆக்டிவிட்டி நிலைக்கல

தளிர்_வேம்பு கேட்டது:
வேப்பிலைக்குள்ள நோய் உண்டாக்காம வாழுற பூஞ்சைகளை (எண்டோஃபைட்) பிரிச்சுட்டிருக்கேன். இலையை 0.5 செ.மீ. துண்டா வெட்டி, 70% எத்தனாலில் 1 நிமிஷம், 4% ஹைப்போகுளோரைட்டில் 5 நிமிஷம், திரும்ப எத்தனாலில் 30 வினாடி, கடைசியா ஸ்டெரைல் தண்ணியில் 3 தடவை அலசி பிடிஏ-வில் (பூஞ்சை வளர்க்கிற உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் அகார்) வைக்கிறேன். ரெண்டே நாளில் பாதி பிளேட் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் (கறுப்புப் பூஞ்சை), மீதியில் அனேகமா ஒண்ணுமே வரல. தப்பிப் பிழைச்ச ஒரு ஐசோலேட்டோட (தனியா பிரிச்செடுத்த பூஞ்சை) எத்தில் அசிட்டேட் எக்ஸ்ட்ராக்ட் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரா நல்ல ஸோன் (பாக்டீரியா வளராத வட்டம்) காட்டிச்சு. நாலாவது சப்கல்ச்சரில் (புது மீடியத்துக்கு மாத்தி வளர்த்ததில்) அதுவும் போச்சு. எங்க கோளாறு?

ஹைஃபா:
வரிசை மாறிப்போச்சுங்க. வெட்டின பிறகு ஹைப்போகுளோரைட்டில் போட்டா வெட்டுவாய் வழியா உள்ள இறங்கி, தேடுற பூஞ்சையையே கொன்னுடும். ஒண்ணுமே வராத பிளேட்டுக்கு இதுதான் காரணமா இருக்கும். சிற்றிலையைக் காம்போட முழுசா எடுத்து, காம்பு நுனியை உருக்கின பாரஃபின் மெழுகில் தொட்டு அடைச்சிடுங்க. குழாய்த் தண்ணியில் ட்வீன் 20 (சோப்பு மாதிரி அழுக்கு நீக்கி) ஒரு சொட்டு விட்டுக் கழுவிட்டு ஸ்டெரிலைஸ் பண்ணுங்க. ஓரத்தை நறுக்கித் தள்ளிட்டு, துண்டு போடுறது கடைசி வேலை. வேப்பிலை மெல்லிசு, 2% ஹைப்போகுளோரைட் 3 நிமிஷத்தில் ஆரம்பிங்க. 4% எல்லாம் பட்டைக்கு.

இன்னொண்ணு, பாட்டிலில் போட்டிருக்கிற 4% இப்பவும் 4% தானான்னு பாருங்க. வெளிச்சத்திலும் சூட்டிலும் குளோரின் போய்க்கிட்டே இருக்கும். பொட்டாசியம் அயோடைடு போட்டு தயோசல்ஃபேட்டில் ஒரு டைட்ரேஷன் பண்ணினா தெரிஞ்சிடும்.

பெட்ரி_தட்டு:
மேல சொன்னது சரி. ஆனா நைஜர் எங்கிருந்து வருதுன்னு தெரியாம நேரத்தைக் கூட்டிக் குறைச்சுப் பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு தடவையும் மூணு பிளேட் கூடவே வைங்க. ஒண்ணு, ஹூடுக்குள்ள (வடிகட்டின காத்து ஓடுற வேலைப் பெட்டி) நீங்க வேலை முடிக்கிற வரைக்கும் திறந்து கிடக்கிற வெறும் பிடிஏ. அடுத்தது, கடைசியா அலசின தண்ணியில் 100 மைக்ரோலிட்டர் பரப்பினது. மூணாவது, ஸ்டெரிலைஸ் பண்ணின இலையை அகார் மேல அழுத்தி எடுத்த அச்சு. முதல் பிளேட்டில் நைஜர் வந்தா ஹூடைப் பாருங்க. அதில் வராம மத்த ரெண்டில் வந்தா ஸ்டெரிலைசேஷன் பத்தல, இல்ல அலசுற தண்ணியே கெட்டிருக்கு. மூணும் சுத்தமா இருந்தும் துண்டில் வந்தா, அது நிஜமாவே உள்ள இருந்ததா இருக்கலாம். நைஜரை எண்டோஃபைட்டே இல்லன்னு ஒதுக்கிட முடியாது.

துண்டை லென்ஸில் பாருங்க. உள்ளிருந்து வர்றது பெரும்பாலும் வெட்டுவாயில்தான் தலை நீட்டும். இலைப்பரப்பு நடுவில் முளைச்சா சந்தேகப்படுங்க. ரெண்டு நாளோட பிளேட்டைத் தூக்கிப் போடாதீங்க. மெதுவா வளர்ற பூஞ்சைக்கு 3, 4 வாரம்கூட ஆகும். துண்டை 1-2 மி.மீ. ஆக்கினா வேகமா ஓடுறது மெதுவானதை மூடுறதும் குறையும். தினமும் பார்த்து, புதுசா வர்ற நுனியைக் கிள்ளி வேற பிளேட்டுக்கு மாத்துங்க.

அகார்_அகார்:
நாலாவது சப்கல்ச்சரில் ஆக்டிவிட்டி போறது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி. செடிக்குள்ள கிடைக்கிற தூண்டுதல் இல்லாததால அந்தக் காம்பவுண்டைத் தயாரிக்கிற ஜீன் கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்ற ஜீன் கூட்டம்) அமைதியாயிடுதுன்னு நினைக்கிறாங்க. முதல் ரெண்டு தலைமுறையிலேயே 20% கிளிசராலில் போட்டு -80-ல் வைங்க. அந்த வசதி இல்லன்னா அகார் துண்டுகளை ஸ்டெரைல் தண்ணியில் போட்டு 4 டிகிரியில் வைக்கலாம். ஒவ்வொரு பரிசோதனையையும் அந்த ஸ்டாக்கில் இருந்தே ஆரம்பிக்கணும்.

மீடியத்தையும் மாத்திப் பாருங்க. 1 லிட்டர் ஃபிளாஸ்க்கில் 100 கிராம் அரிசி, 100 மி.லி. தண்ணி, 121 டிகிரியில் 20 நிமிஷம் ஆட்டோகிளேவ், அப்புறம் 21 முதல் 30 நாள் அசைக்காம வைக்கணும். புரோத்தில் (திரவ மீடியம்) வராத காம்பவுண்ட் அரிசியில் வர்றது சகஜம். சிலர் வேப்பிலைச் சாறு சேர்ப்பாங்க. சேர்க்கலாம், ஆனா வேம்பே பாக்டீரியாவைத் தடுக்கும். சாறு சேர்த்து, பூஞ்சை போடாத ஃபிளாஸ்க் ஒண்ணையும் அதே நாள் வரைக்கும் வைச்சு அதே மாதிரி எக்ஸ்ட்ராக்ட் பண்ணலன்னா அந்த ஸோன் யாரோடதுன்னு சொல்லவே முடியாது.

ஹைஃபா:
இதோட ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ட்ராக்ஷனுக்குக் கண்ணாடிதான். எத்தில் அசிட்டேட் பிளாஸ்டிக்கில் இருக்கிற தாலேட்டை (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கிற ரசாயனம்) இழுத்துக்கும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 391, 413-ல் பீக் நின்னா முதல்ல சால்வென்ட்டை மட்டும் ஓட்டிப் பாருங்க. ஜிசி-எம்எஸ் (காம்பவுண்டைப் பிரிச்சு எடையை வைச்சு அடையாளம் காணுற கருவி) லைப்ரரி "ஹெக்ஸாடெக்கனாயிக் ஆசிட், தாலேட்" னு காட்டினதையே பூஞ்சையோட புது மருந்துன்னு எழுதின பேப்பர் நம்ம ஊரில் கொள்ளையா இருக்கு. அந்த வரிசையில் சேராதீங்க.

தளிர்_வேம்பு:
காம்பை அடைச்சு, மூணு கன்ட்ரோலோட ஆரம்பிக்கிறேன். இந்தப் பூஞ்சை அசாடிராக்டின் (வேம்பில் இருக்கிற பூச்சிக்கொல்லிக் காம்பவுண்ட்) தருதான்னும் பார்க்கலாமா? கைடு கேக்கிறார்.

பெட்ரி_தட்டு:
பார்க்கலாம். 2012-ல் யூபெனிசிலியம் பார்வம்னு ஒரு வேம்பு எண்டோஃபைட் தருதுன்னு ரிப்போர்ட் இருக்கு. ஆனா டாக்ஸால் (யூ மரத்தில் இருந்து வந்த புற்றுநோய் மருந்து) கதையையும் கைடுகிட்ட சொல்லுங்க: 1993-ல் டாக்ஸோமைசிஸ் ஆண்ட்ரியானேங்கிற பூஞ்சை டாக்ஸால் தருதுன்னு சொன்னாங்க, 2013-ல் ஜீனோம் வரைக்கும் போய்ப் பார்த்தவங்களுக்கு அதைத் தானா தயாரிக்கிறதுக்கான ஆதாரம் கிடைக்கல. அதனால இலைத்துண்டில் இருந்து நேரா வந்த முதல் கல்ச்சரில் சோதிக்காதீங்க, செடியோட மிச்சம் ஒட்டியிருக்கும். சாறு சேர்க்காத மீடியத்தில் ரெண்டு மூணு தடவை மாத்தின கல்ச்சரில் சுத்தமான அசாடிராக்டின் ஸ்டாண்டர்டோட ரிடென்ஷன் டைமும் (கருவியில் வெளிவர எடுக்கிற நேரம்) எம்எஸ்எம்எஸ்-ஸும் (மூலக்கூறு உடைஞ்ச துண்டுகளோட எடை) சேர்ந்து ஒத்துப்போனா மேல பேசலாம்.